விழுங்கியது

எத்தனை பேர் என்று கேட்டான்.
ஒருத்தி என்றேன்.
என் தோளுக்குப் பின்னால், வாசல் பக்கம் பார்த்தபடி,
வண்டியை நிறுத்திவிட்டு யாரோ வருவார் என்பதுபோல்
கொஞ்சம் காத்திருந்தான்.
வந்தது பனிமூட்டம் மட்டும்.
அதற்கு நாற்காலி தேவைப்படவில்லை.

குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே,
தோட்டத்துரை ஒருவர் குடியிருந்த பங்களா.
இப்போது சிவப்பு விளக்கு, கறுப்பு அரக்கு மேசை,
கணப்பில் யூகலிப்டஸ் விறகு.
எதிர் இருக்கையின் தட்டு, கிண்ணம், குச்சிகள்
ஒவ்வொன்றாய் எடுத்துப் போனான்
சத்தம் வராமல்,
தூங்குகிறவர் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதுபோல்.

'இன்னிக்கு ஏதும் விசேஷமா மேடம்?'
'புதன்கிழமை.'
குறித்துக்கொண்டான்.
சட்டையில் பெயர் இருந்தது: சுகிர்தன்.

தபால் நிலையத்து எஸ்தர் ரூபவதி சொல்லியிருக்கிறாள்:
தனியாய்ச் சாப்பிடணும்னா பார்சல் வாங்கு,
ஜன்னலைச் சாத்திக்கோ, சின்ன ஊரு.
பார்சலில் ஆவி வராதே, எஸ்தர்.

மூங்கில் கூடையைத் திறந்ததும்
அந்த ஆவிதான் என் கண்ணாடியைக் குருடாக்கியது.
துடைத்துப் பார்க்கிறேன்: நான்கு.
ஏன் நான்கு?
இரண்டிரண்டாய் உண்கிறவர்கள் போட்ட கணக்கு.
மாவுத்தோல் அத்தனை மெல்லிசு,
உள்ளே இறால் சுருண்டிருப்பது
கொசுவலைக்குள் குழந்தைபோல் தெரிகிறது.
கொழுக்கட்டை என்று வாய்வரை வந்தது;
எண்ணூற்று நாற்பது ரூபாய் என்பதால் சொல்லவில்லை.

முதலாவது குச்சியிலிருந்து நழுவி
சோயாவில் குதித்தது.
இரண்டாவதைக் கையால் எடுத்தேன்.
எதிரே யாருமில்லாததில் இப்படிச் சில வசதிகள்.

பிறகு மல்லிகைத் தேநீர்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்ப்பவள் நான்.
காலை எட்டிலிருந்து முந்நூறு கோப்பை.
உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பி, அடுத்தது.
'துப்புக் கெட்டவளே' என்றான் ஒருவன், பதினோரு வருடம்.
துப்பித்தான் தவணை கட்டி முடித்தேன்:
வீடு, அதன் பின்கட்டு, அவன் ஸ்கூட்டர்.

ஆகவே கோப்பை உதட்டுக்கு வந்ததும்
பழக்கம் முந்திக்கொண்டது.
சர்ர்ர்ரென்று,
துணி கிழிவதுபோல் ஓர் உறிஞ்சல்.
ஜன்னலோர ஜோடி திரும்பியது.
கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பொடியன்
மகிழ்ந்துபோய்த் தன் சூப்பில் அதையே செய்து
அடி வாங்கினான்.
அடுக்களைக் கதவு விலகி
மிசோரத்துச் சமையற்காரர் லால்ரின்சங்கா எட்டிப் பார்த்தார்.
பாராட்டு என்று நினைத்திருக்க வேண்டும்,
லேசாய்த் தலை வணங்கினார்.

வாய் நிறையத் தேநீர்.
இடப்பக்கம் என் கால் தன்னால் துழாவியது
எச்சில் தொட்டியை.

இல்லை.

அப்போதுதான் நாக்கு சொன்னது,
உன்னை எனக்குத் தெரியும்.
மல்லிகைக்கு அடியில் கொஞ்சம் புகை,
ஓரத்தில் ஈரச்சாக்கு.
மழைக்காலத்து இலை, அவசரமாய் உலர்த்தியது.
வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, கை காட்டி,
கெண்டியைச் சுட்டி, புருவத்தால் கேட்டேன்: எங்கேயிருந்து?
'பெட்டியில சீனா, மேடம்' என்றவன்
குனிந்து, குரலையும் குனித்து,
'கொலக்கம்பைப் பக்கம்தான்.'

நாற்பத்தேழாம் லாட்.
ஆவணியில் நானேதான்
'உடம்பு இல்லை, உயிரும் இல்லை' என்று எழுதித் தள்ளியது.
தலையில் பூ வைத்துக்கொண்டு,
மலை இறங்காமலே ஊரை மாற்றிச் சொல்லிக்கொண்டு,
என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது.

விழுங்கினேன்.

தொண்டைக்குக் கீழே ஒரு தேயிலை என்ன செய்யும் என்று
இத்தனை வருடத்தில் ஒரு வரி நான் எழுதியதில்லை.
நெஞ்சுக்குழியில் சூடு, மெதுவாய்,
தாமதமாய் வந்தவர் வீட்டு விளக்கைப் போடுவதுபோல்.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

'இன்னொரு கெண்டி.'
'அதேவா, மேடம்?'
'அதே.'

கூடையில் நான்காவது ஆறி,
தோல் இறுகிப் போயிருந்தது.
அதையும்.